அந்தத் தெருமுனைக்கு நான் போகாத நாள்

மினியாபொலிஸ்
18 ஜூலை 2020

அன்புத் தோழிக்கு,

உன் மெயில் வந்து பத்து நாளாகிறது, கோபித்துக்கொள்ளாதே. ஆன்லைனில் மட்டும் வகுப்பு நடந்தால் வெளிநாட்டு மாணவர்கள் கிளம்பிவிட வேண்டும் என்று 6-ஆம் தேதி அரசு உத்தரவு வந்தது. விமானம் கிடைக்காத நேரத்தில் எங்கே போவது? இங்குள்ள ஹார்வர்டு, எம்ஐடி பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. 14-ஆம் தேதி உத்தரவை வாபஸ் வாங்கினார்கள். அந்த எட்டு நாளும் பெட்டி கட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தேன்டி.

கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். மே 25 அன்று அவர் இறந்த 38-ஆம் தெருமுனை என் அறையிலிருந்து அதிக தூரமில்லை. ஒரு போலீஸ்காரர் எட்டு நிமிடத்துக்கு மேல் அவர் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்தினார். அதைப் படம் பிடித்தவள் 17 வயதுப் பள்ளி மாணவி. உறவுக்காரச் சிறுமியைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போன பெண். போலீசின் முதல் அறிக்கையில் கழுத்து, முழங்கால் என்ற பேச்சே இல்லை, உடல்நலக் கோளாறு என்றுதான் இருந்தது. அவள் மட்டும் ஃபோனைக் கீழே இறக்கியிருந்தால்!

என் அறைத்தோழி கறுப்பினப் பெண், இந்த ஊரிலேயே பிறந்தவள். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. கொரோனா ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, வீட்டுப் பக்கமே வராதே என்று மார்ச்சிலேயே மகளிடம் சொல்லிவிட்டார். அப்படி ஒதுங்கி இருந்தவள் இரண்டு மாஸ்க்கை மாட்டிக்கொண்டு ஃபிளாய்டுக்கு நீதி கேட்ட ஊர்வலத்துக்குக் கிளம்பினாள். நான் போகவில்லை. கைதானால் விசா போய்விடும் என்ற பயம். அவள் ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. தண்ணீர் பாட்டில்களைப் பையில் அடுக்கிக் கொடுத்தேன். ராத்திரி ஊரடங்கு தொடங்கிய பிறகும் அவள் வராமல், ஜன்னலோரம் புகை வாசனையில் உட்கார்ந்திருந்தேன்.

இங்கே மினசோட்டா பல்கலைக்கழக மாணவர் தலைவி ஜெயல் கெரான்டி, நகரப் போலீசோடு உள்ள உறவைத் துண்டிக்கச் சொல்லி 24 மணி நேரம் கெடு வைத்துக் கடிதம் எழுதினார். பெரிய விளையாட்டு நிகழ்ச்சிகளுக்கு இனி அவர்களை அழைப்பதில்லை என்று நிர்வாகம் மே 27-ஆம் தேதியே அறிவித்தது. கேட்டதில் பாதிதான். ஆனாலும் ஒரு மாணவியின் கடிதம்! எங்கள் கல்லூரியில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஜூம் வகுப்பில் பேராசிரியர் நேராகப் பாடத்துக்குப் போய்விட்டார். ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்த என் அறைத்தோழி கேமராவை அணைத்துவிட்டாள்.

நீ எழுதியிருந்தாயே, போலீஸ் பிடித்துப் போய் அடித்ததில் இறந்த சாத்தான்குளத்து அப்பா ஜெயராஜ், மகன் பென்னிக்ஸ், அவர்கள் கதையை அவளிடம் சொன்னேன். கொரோனா ஊரடங்கு நேரம் தாண்டிக் கடையைத் திறந்திருந்ததாகச் சொல்லித்தான் பிடித்துப் போனார்கள் என்றேன். "அங்கே யார் வீடியோ எடுத்தது?" என்றுதான் முதலில் கேட்டாள். அந்த ஸ்டேஷனிலேயே வேலை பார்த்த பெண் தலைமைக் காவலர் சாட்சி சொன்னதைச் சொன்னேன். அவர் பெயரை இரண்டு தடவை கேட்டு மனதில் வாங்கிக்கொண்டாள்.

அப்புறம், நீ இன்னும் சிக்னலுக்காக மொட்டை மாடியில் உட்கார்ந்துதான் வகுப்புக் கேட்கிறாயா? ஆச்சிக்குக் காய்ச்சல் விட்டதா? உடனே எழுது.

நாளைக்குக் காலையில் அவளோடு அந்தத் தெருமுனைக்குப் போகிறேன். பூ வாங்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
உன் தோழி