கணக்கைக் காதால் படித்தவர்: சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

கோயில் கணக்கை இனிமேல் வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிடச் சொல்லி நீங்கள் கமிட்டியில் பேசிவிட்டதாகச் சித்தி போனில் சொன்னார்கள். கிளாக்கோமா இவ்வளவு சீக்கிரம் இரண்டு கண்ணையும் மங்கவைக்கும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் இங்கிலாந்தில் எனக்குப் பக்கத்திலிருக்கும் சாலிஸ்பரிக்குக் கிளம்பினேன். அங்கே ஹென்றி ஃபாசெட் என்ற ஒருவருடைய சிலை இருக்கிறது. அவரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். நம் ஊரில் அநேகமாக யாருக்கும் அவரைத் தெரியாது என்பதால் எல்லோரும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன். உங்கள் பேத்தி வாசித்துக் காட்டட்டும். அவளுக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது.

சாலிஸ்பரிக்கு வருகிறவர்கள் ரயிலை விட்டு இறங்கியதும் பேராலயத்தைத் தேடித்தான் நடக்கிறார்கள். அதன் கோபுரம் 123 மீட்டர். பிரிட்டனிலேயே உயரமான தேவாலயக் கோபுரம் அதுதான். உள்ளே மாக்னா கார்ட்டா என்ற பழைய உரிமைச் சாசனத்தின் பிரதி ஒன்று இருக்கிறது. மிச்ச நேரத்தில் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்துக்குப் பஸ் பிடித்துவிடுவார்கள். ஊர் நடுவே செவ்வாயும் சனியும் சந்தை கூடும் திடலில் நிற்கிற ஹென்றி ஃபாசெட்டை ஏறிட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. 1887-ல் வைத்த சிலை, செய்தவர் ஹோப் பிங்கர் என்ற சிற்பி. நான் போனது சந்தை நாள். காய்கறிக் கடைகளின் சத்தத்துக்கு நடுவே வெகுநேரம் அதன் அடியில் நின்றேன்.

அவர் அந்த ஊர்க்காரர்தான். 1833-ல் பிறந்தார். அப்பா துணி வியாபாரி, ஊர் மேயராகவும் இருந்தவர். 1858 செப்டம்பரில் அப்பாவும் மகனும் பக்கத்திலுள்ள ஹார்னம் குன்றுக்குக் கவுதாரி சுடப் போனார்கள். அப்பாவின் துப்பாக்கியிலிருந்து தவறிப் பாய்ந்த ரவைகள் மகனின் மூக்குக்கண்ணாடியைத் துளைத்து இரண்டு கண்ணையும் பறித்துவிட்டன. அவருக்கு அப்போது 25 வயது. இதனால் தன் வாழ்க்கையின் நோக்கம் மாறப்போவதில்லை என்று பத்தே நிமிடத்தில் முடிவெடுத்துவிட்டாராம். அந்த அப்பாவின் நிலைமையை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஐந்து வருடத்தில் மகன் கேம்பிரிட்ஜில் பொருளாதாரப் பேராசிரியர். 1865-ல் பிரைட்டன் தொகுதியின் எம்.பி. பனிச்சறுக்கு, குதிரை சவாரி, மீன்பிடி எதையும் அவர் விடவில்லை. பின்னாளில் பெண்கள் வாக்குரிமைக்காகப் பாடுபட்ட மில்லிசென்ட் ஃபாசெட் அவர் மனைவிதான்.

தபாலாபீஸில் வேலை பார்த்த உங்களுக்குப் பிடிக்கப்போவது இது: 1880-ல் பிரதமர் கிளாட்ஸ்டன் அவரைத் தபால் துறைக்குத் தலைவராக, போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் ஆக்கினார். அஞ்சலகச் சேமிப்பில் குறைந்தபட்சம் ஒரு ஷில்லிங் கட்ட வேண்டும், ஏழைகளிடம் அதுகூடச் சேர்ந்தாற்போல் இருக்காது. ஃபாசெட் ஒரு படிவம் கொண்டுவந்தார். ஒரு பென்னி கிடைக்கும்போதெல்லாம் ஒரு ஸ்டாம்ப் வாங்கி அதில் ஒட்டலாம், பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு ஷில்லிங், கணக்கு ஆரம்பித்துவிடலாம். பள்ளிக்கூடத்தில் சஞ்சாயிகா என்ற மாணவர் சேமிப்புக் கணக்குக்காகப் பிள்ளைகள் கொண்டுவந்த சில்லறையை நீங்கள் எண்ணி வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வேலையின் அருமை உங்களைவிட யாருக்குத் தெரியும்? பார்சல் தபால் பிரிட்டனில் தொடங்கியதும் அவர் காலத்தில்தான், 1883-ல்.

ஆனால் நான் அந்தச் சிலையடியில் நின்றது தபாலுக்காக மட்டும் இல்லை. 1867-ல் துருக்கி சுல்தான் லண்டனுக்கு வந்தபோது, இந்திய நிர்வாகத்தைக் கவனித்த இந்தியா ஆபீசில் அவருக்கு ஆடம்பரமான நடன விருந்து வைத்தார்கள். அதன் செலவை எழுதியது இந்திய வரிப்பணத்தில். அதற்கு முந்தைய வருடம்தான் ஒரிசாப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டிருந்தார்கள். துருக்கி சுல்தானின் விருந்துக்கு இந்திய விவசாயி ஏன் பணம் கட்ட வேண்டும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் சபையில் எழுந்து கேட்டவர் ஃபாசெட். அபிசீனியப் (இன்றைய எத்தியோப்பியா) போரின் செலவில் ஒரு பங்கை இந்தியாவின் தலையில் கட்டியபோதும் எதிர்த்தார். இந்தியாவில் இருந்த மக்களுக்கு அவருடைய தொகுதியில் ஓட்டு கிடையாது. இதனால் ஒரு ஓட்டும் கூடப்போவதில்லை. இந்திய பட்ஜெட் விவாதம் என்றால் சபையே காலியாகிவிடும் காலம் அது. அவர் பிடிவாதமாகப் பேசினார். இந்தியாவின் வரவு செலவை விசாரிக்க 1871-ல் ஒரு கமிட்டி அமைந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. தாதாபாய் நௌரோஜி சாட்சி சொன்னது அந்தக் கமிட்டியில்தான். 'இந்தியாவுக்கான உறுப்பினர்' என்றே அவரை அழைத்தார்கள். 1874-ல் பிரைட்டனில் தோற்றபோது, லண்டனின் ஹாக்னி தொகுதியில் அவர் மறுபடி நிற்பதற்கு இந்தியாவில் மக்கள் பணம் திரட்டி அனுப்பினார்கள். அங்கே ஜெயித்தார்.

ஆங்கில ஆட்சியே கூடாது என்று சொன்னவர் இல்லை அவர். அது நேர்மையாக நடக்க வேண்டும் என்பதுதான் அவர் நிலை. அதற்காக என் மரியாதை குறையவில்லை. கணக்கில் அடுத்தவன் காசு தப்பாக ஏறக்கூடாது என்பதில் அவ்வளவு கறாராக இருந்தார்.

உங்கள் பேத்திக்குரிய விஷயம்: ஐ.சி.எஸ். என்ற இந்திய சிவில் சர்வீஸ் தேர்வு எழுத அப்போது லண்டனுக்குக் கப்பலேற வேண்டும். கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் மூன்று ஊர்களிலும் அதே நேரத்தில் தேர்வு வைக்க வேண்டும் என்று 1868-லேயே காமன்ஸில் தீர்மானம் கொண்டுவந்தவர் இவர். நடக்கவில்லை. இந்தியாவில் முதல் தேர்வு நடக்க 1922 ஆயிற்று. அவள் சென்னையிலேயே சிவில் சர்வீஸ் பிரிலிம்ஸ் (முதல்நிலைத் தேர்வு) எழுதப்போகிறாள், ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும்.

இவ்வளவையும் அவர் எப்படிச் செய்தார் என்றால், அறிக்கைகளைப் பிறர் வாசிக்க வாசிக்கக் கேட்டுத்தான். எண்களை மனதில் பதித்துக்கொண்டு, கையில் குறிப்பு இல்லாமல் மணிக்கணக்கில் பேசுவார். உங்களுக்கும் அந்த ஞாபகம் இருக்கிறது, சித்தப்பா. பணியில் இருந்தபோது ஒரு ரூபாய் டேலி ஆகவில்லை என்றால், நோட்டைத் திறக்காமலே எந்த ஆர்.டி. (மாதாந்திர சேமிப்பு) கணக்கில் இடிக்கிறது என்று சொல்வீர்கள். சனிக்கிழமை சாயங்காலம் பேத்தி ரசீதுகளை வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள், அவள் எழுதட்டும். கமிட்டிக்காரர்களிடம் நானே பேசுகிறேன். புது ஆள் யாரையும் இன்னும் போடவில்லை என்று சித்தி சொன்னார்கள். ஆடித் திருவிழா வசூல் தொடங்கும் முன்பு உங்கள் பதிலைச் சொல்லுங்கள்.

கண்ணுக்குச் சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடுங்கள். சித்திக்கு என் அன்பு.

உங்கள் அண்ணன் மகள்,
சவுத்தாம்ப்டனிலிருந்து