நம் நகர் தோட்டச் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆண்டுக்கு ஒரு செடி என்று சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தோம். இவ்வாண்டு வெட்சி. பெயரைக் கேட்டதும் பாதிப் பேர் விழித்தார்கள். இட்லிப்பூ என்றதும் தெளிந்தார்கள். கன்னியாகுமரிப் பக்கத்து உறுப்பினர்களுக்கு அது தெச்சி. மழையால் தள்ளிப்போன நவம்பர் கூட்டம் தவிர மற்றவை ஒழுங்காக நடந்தன.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். பூங்கா நடைபாதை ஓரம் நட, ஆடி மாதம் 40 கன்றுகள் வாங்கினோம். நாட்டு வெட்சி என்று நாற்றுப்பண்ணையில் சொன்னதை அப்படியே நம்பினேன். பூத்த பிறகுதான் சீன வெட்சி என்று தெரிந்தது. அதுவும் அழகுதான், குறை சொல்லவில்லை. ஆனால் நாம் கேட்டது அதுவல்ல. பூவுக்குக் காத்திருக்காமல் இலையைப் பார்த்திருந்தாலே போதும். நாட்டு வெட்சியின் இலைக்குக் காம்பு இல்லை என்றே சொல்லலாம். அடி இதய வடிவில் அகன்று தண்டை ஒட்டி உட்கார்ந்திருக்கும். சீன வெட்சியின் இலை அடியில் குறுகி, சிறு காம்போடு இருக்கும். பூத்தால் இன்னும் எளிது: நாட்டு வெட்சியின் நான்கு இதழ்களும் நுனி கூர்ந்தவை, சீன வெட்சிக்கு உருண்டவை. திருமுருகாற்றுப்படை ‘செங்கால் வெட்சிச் சீறிதழ்’ என்கிறது. சிவந்த காம்பு, சிறிய இதழ். இரண்டே சொல்லில் அடையாளம் சொன்னவரை வைத்துக்கொண்டு நான் ஏமாந்தேன்.

ஜனவரிக் கூட்டத்தில் வேறொரு வேடிக்கை. உறுப்பினர் ஒருவர் ஊரிலிருந்து ‘வெள்ளை வெட்சி’ என்று ஒரு கிளை கொண்டுவந்தார். பூவின் நடுவிலிருந்து சூல்தண்டு என்ற மெல்லிய தண்டு இதழைத் தாண்டி ஊசிபோல் நெடுக நீட்டிக்கொண்டிருந்தது. இலையை வெளிச்சத்தில் பிடித்தால் கரும்புள்ளிகள். அவை நோயல்ல, பாக்டீரியாக்கள் குடியிருக்கும் முடிச்சுகள். அது வெட்சியே அல்ல, பாவட்டை. குழப்பம் அத்தோடு தீரவில்லை. பாவட்டை என்ற நம் பக்கத்துப் பெயரையே லத்தீனாக்கி அந்தப் பேரினத்துக்கு வைத்துவிட்டார்கள். அதே சொல்லை வெட்சிப் பேரினத்தில் சேர்ந்த சுளுந்து மரத்துக்கும் சிற்றினப் பெயராக ஒட்டிவிட்டார்கள். வெட்சிப் பேரினத்தின் லத்தீன் பெயரான இக்சோராவோ ஈசுவரன் என்பதன் திரிபு. அன்று தேநீர் ஆறிப்போனது.

இனி மஞ்சள் நோய். அதிகப் புகார் வந்தது இதற்குத்தான். இளம் இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச் சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இருந்தாலும், காரத்தன்மை ஏறினால் வெட்சியால் எடுக்க முடியாது. புளிப்பான மண்தான் அதற்குப் பிடிக்கும். நம் ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் ஒரு காரணம். மற்றொன்றைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று மாதம் ஆனது. மதில் ஓரக் கன்றுகள் வெளிறின, இரண்டடி தள்ளி நட்டவை பச்சையாக இருந்தன. தோண்டினால் மதில் கட்டியபோது கொட்டிய சிமென்ட் கழிவு! அதை அள்ளிவிட்டு, தொழு உரமும் இலைமக்கும் போட்டோம். அன்னபேதி என்ற இரும்பு உப்பை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, எலுமிச்சைச் சாறு கொஞ்சம் பிழிந்து, மாலையில் இலையில் தெளித்தோம். அன்னபேதியைக் காரத்தன்மை ஏறிய மண்ணில் கொட்டுவது வீண், செடிக்குக் கிடைக்காமல் முடங்கிவிடும். புதுத் துளிர் பச்சையாக வந்தது. பழைய மஞ்சள் இலைகள் சில மாறவே இல்லை.

வேலி அழகாக வேண்டும் என்று மாதந்தோறும் கத்தரிக்கோல் எடுக்கும் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். வெட்சி பூப்பது துளிர் நுனியில். நுனியை வெட்டிக்கொண்டே இருந்துவிட்டு ‘ஏன் பூக்கவில்லை’ என்று செயலாளரிடம் கேட்கக் கூடாது. பூங்கொத்து வாடியதும் வெட்டுங்கள். பிள்ளைகள் பூவைப் பிடுங்கித் தேன் உறிஞ்சுவதை மட்டும் யாரும் தடுக்க வேண்டாம், அதற்காகவும்தானே நட்டோம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கன்று வாங்கிய செலவு பற்றிய கேள்விகளுக்கு நான் பதில் சொல்கிறேன்.

ஓர் உறுப்பினர் வீட்டின் 30 ஆண்டு பழைய நாட்டு வெட்சியிலிருந்து பாதி முற்றிய குச்சிகள் வெட்டி வேர்விட வைத்திருக்கிறோம். வேண்டுவோர் அடுத்த கூட்டத்துக்குத் தொட்டியோடு வரவும். வாங்குமுன் இலையைப் பார்த்துக்கொள்ளவும்.

செயலாளர்