பிறனுக்கு விரோதமான பொய்ச்சாட்சி

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கிறிஸ்துவுக்குள் அன்பின் வாழ்த்துகள்.

சென்ற மாத இதழில் இஸ்லாமியருக்குள் ஊழியம் செய்வது குறித்து வெளியான கட்டுரையில், "இஸ்லாமிய அயலாருடன் நாம் கொள்ளும் நட்பு அவர்களைக் கிறிஸ்துவுக்கென்று ஆதாயப்படுத்தும் வாசலாக இருக்கட்டும், அந்த நோக்கம் இல்லாத நட்பு விசுவாசிக்குக் கண்ணி" என்று கட்டுரையாளர் தீர்ப்பு எழுதியிருக்கிறார். அப்படியானால் அடுத்த வீட்டு இஸ்லாமியப் பெரியவருடன் நான் இத்தனை காலமும் கண்ணிக்குள்தான் வாழ்ந்திருக்கிறேன். என் மனைவி மருத்துவமனையில் கடைசி நாட்களைக் கழித்தபோது, நான் சற்றுக் கண்ணயர வேண்டும் என்பதற்காக இரவுகளில் அவள் கட்டிலருகே முறைவைத்து விழித்திருந்தவர்கள் அவருடைய மகளும் மருமகளும். "ஐயா, உங்கள் போதகரை அழைத்து வரட்டுமா?" என்று கேட்டு, அழைத்தும் வந்தவர் அந்தப் பெரியவர். அவர்களுடைய நோக்கம் என்னவென்று நான் அன்று விசாரிக்கவில்லை. கட்டுரையாளர் வகுத்த இலக்கணப்படி விசாரித்திருக்க வேண்டும் போலும்.

அதே கட்டுரை, குர்ஆன் இயேசுவை இழிவுபடுத்துகிறது என்று போகிற போக்கில் சொல்லிச் செல்கிறது. இறையியல் கற்ற தங்களுக்கு உண்மை தெரியாததல்ல. அவர் கன்னியிடம் பிறந்தார் என்பதையும், பிறவிக் குருடரையும் குஷ்டரோகிகளையும் சுகமாக்கினார் என்பதையும், அவரே மேசியா என்பதையும் குர்ஆன் கூறுகிறது. அதன் 19ஆம் அத்தியாயம் அவருடைய தாயின் பெயரையே தாங்கியிருக்கிறது. அவர் தேவகுமாரன் என்பதையும் சிலுவையில் மரித்தார் என்பதையும் அது மறுக்கிறது. அந்த மறுப்பு சிறியதன்று. நம் விசுவாசத்தின் ஆணிவேரையே அது தொடுகிறது. எல்லா மதமும் ஒன்றே என்று பூசி மெழுகும் பேச்சு எனக்கும் உடன்பாடானதன்று, என் அயலாருக்கும் உடன்பாடானதன்று. நாங்கள் இருவரும் இதைக் குறித்து உரக்கவே வாதாடியிருக்கிறோம். ஆனால் மறுப்பது வேறு, இழிவுபடுத்துவது வேறு என்பதை ஓர் ஊழியக் கட்டுரையாளர் அறிந்திருக்க வேண்டாமா?

இது இந்த ஒரு கட்டுரையோடு நிற்கும் மனக்குறையும் அன்று. 2015ஆம் ஆண்டு லிபியாவின் கடற்கரையில் 21 கிறிஸ்தவர்கள் கழுத்தறுக்கப்பட்டபோது தாங்கள் சிறப்புப் பக்கங்கள் வெளியிட்டீர்கள். அது நியாயமே, நானும் வாசித்துக் கண்ணீர் விட்டேன். 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில், இஸ்லாமியருக்கு எதிரான பழைய போர்களின் பெயர்களைத் துப்பாக்கிகளில் எழுதிக்கொண்டு வந்த ஒருவன், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கூடியிருந்தவர்களைச் சுட்டு 51 பேரின் உயிரைப் பறித்தபோது, ஜெபக் குறிப்புகள் பகுதியில்கூட ஒரு வரி இடம்பெறவில்லை. அதைச் சுட்டிக்காட்டி நான் எழுதிய கடிதமும் பிரசுரமாகவில்லை. இடநெருக்கடியாக இருந்திருக்கலாம்.

கட்டுரையாளருக்கு வரலாறு சிலுவைப்போரில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. மக்காவில் துன்புறுத்தப்பட்ட முதல் இஸ்லாமியர்களுக்கு ஏறத்தாழ 615ஆம் ஆண்டில் அடைக்கலம் தந்து, திருப்பி அனுப்பும்படி தூதர்கள் வந்து கேட்டும் மறுத்தவர் அபிசீனியாவின் (இன்றைய எத்தியோப்பியப் பகுதியின்) கிறிஸ்தவ மன்னர் என்பதை அவர்களுடைய பாரம்பரியம் இன்றும் நன்றியோடு சொல்கிறது. நம் ஓய்வுநாள் பள்ளியில் எனக்கு இதை ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. 781ஆம் ஆண்டளவில் பாரசீகப் பகுதியில் வேரூன்றிய கீழைச் சபையின் தலைவர் தீமோத்தேயு, இஸ்லாமியப் பேரரசை ஆண்ட கலீபா அல்-மஹதியின் முன்னிலையில் திரித்துவத்தைத் துளியும் விட்டுக்கொடுக்காமல் வாதாடினார். முகம்மதைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, அவர் தீர்க்கதரிசிகளின் வழியில் நடந்தவர் என்று மரியாதையோடு விடை சொன்னவரும் அவரே. 1219இல், சிலுவைப்போரின் நடுவிலேயே, எகிப்தின் சுல்தான் அல்-காமிலைத் தேடிப்போன துறவி அசிசியின் பிரான்சிஸ் சுவிசேஷம் சொல்லத்தான் போனார். அதை அவர் மறைக்கவுமில்லை, நட்பு என்னும் வேடம் போடவுமில்லை. சுவிசேஷம் சொல்வதை நானும் எதிர்க்கவில்லை. அன்பு செலுத்துவதுபோல் நடித்து ஆள் சேர்க்கும் தந்திரத்துக்குச் சுவிசேஷத்தின் பெயரைச் சூட்டுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இஸ்லாமியரை மதிப்போடு நோக்குவதாக ரோமச் சபை 1965இல் அறிவித்ததை எடுத்துச் சொன்னால், நாம் அந்தச் சபையார் அல்லவே என்பீர்கள். போகட்டும். இறைவனை நேசிப்பதும் அயலானை நேசிப்பதுமே இரு சாராருக்கும் பொதுவான அடித்தளம் என்று 2007இல் 138 இஸ்லாமிய அறிஞர்கள் எழுதிய மடல் உலகின் எல்லாச் சபைத் தலைவர்களையும் நோக்கி எழுதப்பட்டதுதானே? அதற்கு நாம் அனுப்பும் பதில் இந்தக் கட்டுரைதானா?

அந்தப் பெரியவர் என்னிடமிருந்து நம் இதழை வாங்கிப் படிப்பவர். வழக்கமாக ஏதேனும் ஒரு கருத்துச் சொல்லித்தான் திருப்பித் தருவார். சென்ற மாத இதழை ஒன்றும் சொல்லாமல் தந்துவிட்டுப் போனார். எனக்கும் கேட்கத் துணிவில்லை. "பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக" என்ற கட்டளையில், அந்தப் பிறன் நம் சபையின் அங்கத்தினராக இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை எதையும் யாத்திராகமத்தில் நான் காணவில்லை.

ஆகவே, குர்ஆனைக் குறித்த அந்தத் தவறான கூற்றுக்கு அடுத்த இதழில், அதே அளவு எழுத்தில், ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இனி இஸ்லாமைப் பற்றிய கட்டுரைகளை அச்சேற்றும் முன் அந்நூலை அறிந்த ஒருவரிடம் காட்டினால் நலம். இக்கடிதத்தைச் சுருக்கியே வெளியிட வேண்டுமென்றால் என் மனக்குறைகளைத் தாராளமாக வெட்டிவிடுங்கள். குர்ஆன் பற்றிய பத்தியை மட்டும் விட்டுவைக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்