இணங்கப்பண்ணினீர், நான் இணங்கினேன்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் விவிலியத் தீர்க்கதரிசிகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையில், இறைவன் கையில் அவர்கள் அம்புகளே என்றும், எய்த திசையில் பாய்வதன்றி அம்புக்கென்று தனி விருப்பம் ஏதுமில்லை என்றும் எழுதப்பட்டிருந்தது. கட்டுரையாளரின் பக்தியை மதிக்கிறேன். ஆயினும் அந்த முடிவுக்கு வேதத்தில் இடமில்லை என்பதையும், எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் அது பலர் நெஞ்சில் பாரமாக ஏறியிருக்கிறது என்பதையும் நான் சொல்லியாக வேண்டும்.

அவர் காட்டிய ஆதாரம் எரேமியா முதலாம் அதிகாரம் 5ஆம் வசனம். தாயின் வயிற்றில் உருவாக்கும் முன்னே உன்னை அறிந்தேன் என்று கர்த்தர் சொல்லும் அந்த வசனம் எங்கள் வீடுகளில் சிறுபிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஆனால் அடுத்த வசனத்தை அவர் தொடவே இல்லை. ‘இதோ, நான் பேச அறியேன், சிறுபிள்ளையாயிருக்கிறேன்’ என்று எரேமியா அங்கே தயங்கி நிற்கிறார். எய்தவனிடம் அம்பு இப்படி வாதாடுவதில்லை.

தமிழ் கற்பித்தவன் என்ற முறையில் 20ஆம் அதிகாரம் 7ஆம் வசனத்தில் என் கண் எப்போதும் நின்றுவிடும். ‘கர்த்தாவே, என்னை இணங்கப்பண்ணினீர், நான் இணங்கினேன்’ என்கிறது நம் பழைய மொழிபெயர்ப்பு. இணங்கப்பண்ணினீர் என்பது பிறவினை. இணங்கினேன் என்பது தன்வினை. ஒரே செயலுக்கு இரண்டு எழுவாய்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்று மற்றொன்றை விழுங்கவில்லை. மூல எபிரேயச் சொல் ஆசைகாட்டி இழுப்பதையும் குறிக்கும். 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்போ ஏமாற்றினீர் என்றே வைத்தது. நம்மவர்கள் இணக்கம் என்ற சொல்லைத் தேர்ந்ததற்காக நான் நன்றியுள்ளவன். அதே வசனம், நீர் என்னிலும் பலத்தவராயிருந்து என்னை மேற்கொண்டீர் என்று தொடர்வதை மறைக்க நான் விரும்பவில்லை. இறையாண்மையைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. ஆனால் மேற்கொள்ளப்பட்ட அந்த மனிதர்தாம், இனி அவருடைய நாமத்தில் பேசமாட்டேன் என்று தீர்மானித்து, அப்படி இருந்தும் பார்த்து, எலும்புகளில் அடைபட்ட அக்கினியைத் தாங்கமாட்டாமல் திரும்பவும் வாய் திறந்தார். விருப்பமே இல்லாதவருக்கு இந்தப் போராட்டம் எப்படி வந்திருக்கும்?

குயவன் கையில் களிமண் என்ற உவமையும் அக்கட்டுரையில் வருகிறது. பல ஆண்டுகளுக்கு முன் மாணவர்களை, மண்பாண்டத்துக்குப் பேர்போன காருக்குறிச்சிக்கு அழைத்துச் சென்றிருந்தேன். சுழலும் சக்கரத்தில் பானை எழும்பி, வாய் விரிகிற நேரத்தில் மண்ணில் ஏதோ நிரடியது. ஒரு பக்கம் தளர்ந்து சரிந்தது. வனைந்துகொண்டிருந்த முதிய குயவர் மண்ணைத் தூக்கி எறியவில்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் அமுக்கித் திரட்டி, நீர் தொட்டு, இம்முறை அகலமான சட்டியாக எழுப்பினார். எரேமியா 18ஆம் அதிகாரத்தில் குயவன் வீட்டில் தீர்க்கதரிசி கண்டதும் இதுவே: கையிலே கெட்டுப்போன பாண்டத்தைக் குயவன் வேறே பாண்டமாக வனைந்தான். அதற்குக் கர்த்தர் சொல்லும் விளக்கமோ, ஒரு ஜாதி, அதாவது ஒரு தேசத்து மக்கள், தன் தீங்கை விட்டுத் திரும்பினால், நானும் நினைத்த தீங்கைச் செய்யாதிருப்பேன் என்பது. மண்ணுக்குச் சொல் இல்லை என்று காட்ட எடுத்தாளப்படும் உவமை, அதன் சொந்த இடத்தில் மனிதரின் மனந்திரும்புதலைப் பற்றியது.

தம்மை அழைத்த கர்த்தரிடம் மோசே, வேறு யாரையாகிலும் அனுப்பும் என்றபோது கர்த்தர் கோபப்பட்டார். ஆனாலும் ஆரோனைத் துணைக்குக் கொடுத்தார். யோனாவின் கதை இன்னும் ஆழமானது. நினிவே நகருக்குப் போகச் சொல்லியும் தர்ஷீசுக்கு ஓடியவருடைய கால்கள் நினிவேக்குத் திருப்பப்பட்டன, மனம் திருப்பப்படவில்லை. தமக்கு நிழல் தந்த ஆமணக்குச் செடி பட்டுப்போனதற்காகச் சாவை விரும்பியவரிடம், வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் அறியாத இலட்சத்து இருபதினாயிரத்துக்கும் அதிகமான பேருக்காக நான் பரிதபியாமலிருப்பேனோ என்று கர்த்தர் கேட்கிறார். அந்தக் கேள்வியோடு புத்தகம் முடிகிறது. கடலுக்கும் மீனுக்கும் கட்டளையிட்டவர் யோனாவின் பதிலை மட்டும் அவரிடமே விட்டுவிட்டார்.

இதில் திருச்சபையார் ஒருமனப்பட்டவர்கள் அல்லர். 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையிலேயே, இறைவனின் முன்குறிப்பை வலியுறுத்திய கால்வின் வழிவந்த பிரஸ்பிட்டேரியரும், மனிதரின் விருப்பத்துக்கும் இடமளித்த வெஸ்லி வழிவந்த மெதடிஸ்டுகளும் ஒரே பந்தியில் அமர்ந்தார்கள்.

ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், எங்கள் பக்கத்தில் பிள்ளையைத் திருச்சபை ஊழியத்துக்கென்று பொருத்தனை பண்ணும், அதாவது நேர்ந்துகொள்ளும், வழக்கம் உண்டு. என் தாயார் நான் பிறக்கும் முன்னரே அப்படிச் செய்தவர். நான் ஆசிரியப் பயிற்சிக்குப் போனேன். எனக்குக் காய்ச்சல் கண்டாலும் கைக்காசு தொலைந்தாலும், கர்த்தருக்கு விலகி ஓடுகிறாய் என்றார்கள். சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகைப் பந்தியில்கூட அந்த 5ஆம் வசனத்தை நினைவூட்டினார்கள். நான் குருவாகும் நாளில் கொடுப்பதற்கென்று வாங்கிய வேதாகமம் ஒன்றை, வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றி, அம்மா ட்ரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். எனக்கு முப்பது வயதானபோது ஒன்றும் பேசாமல் அதை என் கையில் கொடுத்தார். இன்றும் அதைத்தான் வாசிக்கிறேன்.

அதில்தான் சாமுவேலைப் புதிதாகக் கண்டேன். தாய் அன்னாளின் பொருத்தனையால் ஆலயத்தில் விடப்பட்ட பிள்ளை அவர். ஆனால் கர்த்தர் அழைத்த இரவில் அந்தப் பொருத்தனையைச் சுட்டி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கூப்பிட்டார், ஆசாரியர் ஏலிதான் அழைத்தார் என்றெண்ணிப் பையன் அவரிடம் ஓடினான். மூன்று முறை இப்படி ஆயிற்று. நான்காம் முறையும் வந்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ‘சொல்லும், அடியேன் கேட்கிறேன்’ என்று அவன் தன் வாயால் சொன்ன பிறகே பேசினார்.

என்னிடம் படித்த இளைஞர் ஒருவர் இன்று அதே பொருத்தனையின் சுமையோடு என் வீட்டுத் திண்ணைக்கு வந்து போகிறார். தங்கள் கட்டுரையையும் மடித்து எடுத்து வந்திருந்தார். தொடர் மேலும் வருமானால், எரேமியாவின் 5ஆம் வசனத்தை அச்சிடும் இடத்தில் 6ஆம் வசனத்தையும் சேர்த்து அச்சிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
பாளையங்கோட்டை.