செத்த எலி தின்னப் பழக்கிவிட்டு விற்கக் கூடாதா?

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் லவ் பேர்ட்ஸ், மீன்தொட்டி, நாய்க்குட்டியோடு பாம்புக் குட்டியும் விற்கும் வியாபாரப் பெருமக்களுக்கு,

வணக்கம். பால் பைத்தான் (Ball python, பயந்தால் பந்தாகச் சுருளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) என்றால் என்ன, எதைத் தின்னும், எப்போது வாயை மூடிக்கொண்டு பட்டினி கிடக்கும் என்பதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் காட்பாடியில் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவள். பாம்பை வாங்கியது என் மகன். போன ஆகஸ்டில் அவனுக்குச் சென்னையில் காலேஜ் கிடைத்தது. ஹாஸ்டலில் பையனுக்கு இடமுண்டு, பாம்புக்கு இல்லை. ஆகவே சுருளி (பெயர் அவன் வைத்தது) எங்கள் ஹாலில் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறது.

போன வாரம் எங்கள் தெருப் பையன் ஒருவன் உங்களில் ஒருவரிடம் குட்டி ஒன்று வாங்கி வந்தான். எப்படித் தீனி வைப்பது என்று கேட்டிருக்கிறான். "உசுரோட ஒரு எலிய உள்ள வுட்டு மூடிடுங்க தம்பி. காலைல பாத்தா இருக்காது." இரண்டு வருடத்துக்கு முன் என் மகனுக்குச் சொன்ன அதே பதில், வார்த்தை மாறவில்லை. அதனால்தான் இந்த மடல்.

மகன் இருந்தவரை எலியை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். சுருளி தொடாவிட்டால் எடுத்துவிடுவான். ஜனவரியில் ஒருநாள், எனக்கு மறுநாள் விடைத்தாள் திருத்தும் வேலை இருந்ததால், நீங்கள் சொன்னபடி எலியை உள்ளே விட்டு, மூடிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் எலி இருந்தது. பாம்புதான் முழுசாக இல்லை.

குளிர் மாதத்தில் பால் பைத்தானுக்குப் பசி மந்தமாகும். பசியில்லாத பாம்பு எலியை எதிர்த்து நிற்காது. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். எலிக்கோ ராத்திரி முழுக்கப் பசி, பெட்டிக்குள் தின்ன வேறெதுவும் இல்லை. முதுகில் என் சுண்டுவிரல் நீளத்துக்குச் செதிலும் தோலும் போய் உள்ளே வெள்ளைச் சதை தெரிந்தது. இரண்டு கால்நடை மருத்துவர்கள் நாய், மாடு என்றால் பார்ப்போம் என்று கைவிரித்தார்கள். மூன்றாமவர் தயங்கித் தயங்கித் தொட்டார், நல்ல மனுஷன். காயம் ஆறி, இரண்டு முறை தோல் உரித்த பிறகும் தழும்பு இருக்கிறது.

அதற்குப் பிறகு நான்கு மாதம் சுருளி எதையும் தொடவில்லை. மாதக்கணக்கில் தின்னாமல் இருக்கக்கூடிய ஜாதிதான், எனக்கும் தெரியும். தெரிந்தும், வாரம் ஒருமுறை டப்பாவில் போட்டு எடை பார்க்கும்போது வயிற்றைக் கலக்கும். 410 கிராம், 402, 395. நோட்டில் எழுதி எழுதி வைத்தேன்.

இனி உயிர் எலி கிடையாது என்று முடிவெடுத்தேன். கொன்று உறையவைத்த எலியைச் சென்னையிலிருந்து மகன் தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டுக் கொண்டுவந்தான். ஃப்ரீசரில் மூன்று உறை சுற்றி வைத்தேன். மாமியார் பார்த்துவிட்டார்கள். "அந்த பிரிட்ஜ்ல வெச்ச தண்ணி எனக்கு வாணாம்மா" என்றார்கள். அன்றைக்கு வாங்கிய மண்பானை இன்னும் இருக்கிறது. நல்ல தண்ணீர், அது வேறு விஷயம்.

முதல் நாள் ராத்திரி எலியை ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றுவேன். மறுநாள் கவரோடு, கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் போட்டு வைப்பேன். ஈரம் துடைத்து, நீளமான இடுக்கியில் பிடித்து, உயிருள்ளது போல லேசாக அசைத்துக் காட்டுவேன். சுருளி தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு வாரம் விட்டு மறுபடி. மறுபடியும் அதே இழுப்பு. எத்தனை எலி குப்பைக்குப் போனது என்று கேட்காதீர்கள். ஒருமுறை உருகியதைத் திரும்ப உறையவைக்கக் கூடாது.

அப்புறம்தான் எனக்கே உறைத்தது. இதன் உதட்டோரம் வரிசையாகக் குழிகள் இருக்கின்றன. இரையின் உடல் சூட்டை அவற்றால்தான் இருட்டிலும் அறிகிறது. சுற்றுப்புறத்தைவிட எலி சூடாக இருந்தால்தானே எலி என்று தெரியும்? கத்திரி வெயிலில் எங்கள் ஹாலில் தெர்மாமீட்டர் சாயங்காலமும் 36, 37 காட்டுகிறது. அந்த அனலில் வெதுவெதுப்பான எலியைக் காட்டுவது, பட்டப்பகலில் அகல்விளக்கு ஏற்றிக் காட்டுவது மாதிரி. பாம்பு வளர்ப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் குளிர்தேசத்தில் இருந்துகொண்டு ஹீட்டர் வாங்கச் சொல்கிறார்கள். வேலூர்க்காரருக்கு யார் சொல்வது?

எனவே விடியற்காலை நான்கு மணிக்கு அலாரம். ஜன்னலைத் திறந்து, தரையை ஈரத்துணியால் துடைத்து, விளக்கில்லாமல் உட்கார்ந்தேன். ஜங்ஷன் பக்கமிருந்து ரயில் ஊதும் சத்தம் மட்டும். எலியின் தலையை மட்டும் இன்னும் ஒரு நிமிடம் வெந்நீரில் பிடித்துவிட்டு நீட்டினேன். மூன்றாவது விடியலில் இடுக்கி கையிலிருந்து வெடுக்கென்று போயிற்று. செத்த எலியைச் சுருளி சுற்றி இறுக்கி இன்னொரு முறை கொன்றது. பிறகு தலைப்பக்கமிருந்து விழுங்க ஆரம்பித்தது. கையை ஆட்டாமல், மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு ஒன்பதரை மணிக்கு ஏழாம் வகுப்பில் பாடம் நடத்தினேனே தவிர என்ன நடத்தினேன் என்று நினைவில்லை.

இந்த வேலை உங்களுடையது, ஐயா. குட்டி முதல் தோல் உரித்துத் தின்னத் தொடங்கும்போதே பழக்கினால் இவ்வளவு பாடில்லை. முதலில் உயிருள்ளது, பிறகு அப்போதுதான் கொன்றது, பிறகு உறையவைத்துச் சூடுபடுத்தியது என்று படிப்படியாக. உங்களிடம் தீனியும் இருக்கிறது, கைப்பழக்கமும் இருக்கிறது. நான் கேட்பது ஒன்றே ஒன்று: செத்த எலியைக் குறைந்தது மூன்று வேளை தானாகத் தின்ற குட்டியை மட்டும் விற்கவும். எந்தத் தேதியில் எந்த அளவு எலி தின்றது என்பதை எழுதிக் கொடுக்கவும். எங்கள் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் பிள்ளையைச் சேர்க்கத் திணறுகிறோம். நீங்கள் ஓர் உயிரைப் பிஸ்கட் டப்பாவில் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கிறீர்கள்.

எலி கிடைக்காவிட்டால் வயலில் பிடித்துப் போடச் சொல்கிறவரும் உங்களில் உண்டு. வயல் எலி முந்தின நாள் எலி மருந்து தின்றிருந்தால் அந்த மருந்து யார் வயிற்றுக்குப் போகும்? இன்னொருவர் உயிர் எலி துடிப்பதை வீடியோ எடுத்து, பாட்டு சேர்த்து ஸ்டேட்டஸ் வைக்கிறார். வேடிக்கைக்காக ஒரு பிராணியை அடைத்து வைத்து இன்னொன்றுக்கு இரையாக்குவது 1960ஆம் வருட விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவில் குற்றமாகச் சொல்லப்பட்டிருக்கிறது; லைக் எத்தனை வந்தாலும் குற்றம்தான். 2022 திருத்தத்துக்குப் பிறகு பால் பைத்தான் வனவிலங்குச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் (பன்னாட்டு வணிகம் கட்டுப்படுத்தப்பட்ட உயிரினங்களின் பட்டியல்) வருகிறது. வைத்திருப்பதையும் கைமாற்றுவதையும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். விற்றவர் தர வேண்டிய தாளுக்காக என் மகன் எத்தனை நடை நடந்தான் என்று சொன்னால் இந்த மடல் முடியாது.

சாமியில்லாத கோயில், தண்ணீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று நம் வேலூரைக் கிண்டல் செய்வார்கள். கோட்டைக்குள் இருக்கும் அந்தக் கோயிலுக்கு 1981இல் சாமி வந்துவிட்டார். கிண்டலில் காலியான அந்த இடத்தில் 'தின்னாத பாம்பு' என்று சேர்க்க நீங்கள் இருக்கிறீர்கள்.

மன்னிக்கவும், வாய் நீண்டுவிட்டது. கேட்க வந்தது சண்டையில்லை. செத்த எலி தின்னப் பழகிய குட்டியை மட்டும் விற்கவும், தீனிக் குறிப்பைக் கையில் கொடுக்கவும். அதற்காக விலையில் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் தருகிறவர்கள் இருக்கிறார்கள், நான் ஒருத்தி. முடிந்தால் உறையவைத்த எலியையும் கடையில் வையுங்கள். சென்னைக்கு நடையாவது மிச்சமாகும்.

தெருப் பையனுக்கு என் ஃப்ரீசரிலிருந்து சின்ன எலியாக இரண்டு கொடுத்திருக்கிறேன். இன்று காலைவரை அவன் குட்டி தொடவில்லை. அவனும் நாலு மணி அலாரம் வைத்திருக்கிறான்.

பதில் சொல்ல விரும்பினால் கடை வாசலில் ஒரு தாளில் எழுதி ஒட்டினால் போதும். பள்ளி விட்டு வரும் வழியில் படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சுருளிக்கு எலி வைக்கும் டீச்சர்,
காட்பாடி