தாங்கித் தாங்கி நடக்கிற கால்

அன்பு மகளுக்கு,

போன வாரம் வீடியோவில் நான் நடந்ததைப் பார்த்துவிட்டு, "என்னப்பா இப்படிக் கோணலா சாய்ஞ்சு நடக்கிறீங்க? பேசாம ஒரு இடத்துல உட்காருங்க" என்று கோபித்துக்கொண்டாய். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உட்காரத்தான் கூடாதாம்.

என் வலது முழங்கால் தேய்மானத்துக்காகப் பார்க்கிற பிசியோதெரபிஸ்ட், என்னை நடையை அளக்கிற அறை ஒன்றுக்கு அனுப்பினார். அரைக்கால் சட்டை போடச் சொல்லி, இடுப்பு, தொடை, முழங்கால், கணுக்கால் என்று கோலிக்குண்டு மாதிரிப் பளபளக்கும் உருண்டைகளை ஒட்டினார்கள். சுற்றிலும் கேமராக்கள். தரையில் பதித்த ஒரு பலகை, எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோம் என்று கணக்கெடுத்துக்கொள்ளும். இந்த வயதில் என்ன வேஷம் இது என்று கூச்சமாக இருந்தது. பலகையைக் குறிபார்த்து மிதிக்கக் கூடாது, இயல்பாக நடக்க வேண்டுமாம். 'இயல்பாக நட' என்று சொன்ன பிறகு எவனால் இயல்பாக நடக்க முடியும்? ஏழெட்டுத் தடவை நடந்தேன்.

அப்புறம் திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். குதிகால் தரையில் படுவதிலிருந்து அதே குதிகால் மறுபடி படும்வரை முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்பதுதான் அந்தக் கோடு. நல்ல காலுக்கு அதில் இரண்டு மேடு இருக்கும். குதிகால் ஊன்றும்போது கால் கிட்டத்தட்ட நீட்டியபடி இருக்கும். ஊன்றியதும் 15, 20 டிகிரி மடங்கும். அது சின்ன மேடு. அப்புறம் நிமிர்ந்து, தரையை விட்டு எழுந்து முன்னே வீசும்போது 60 டிகிரி வரைக்கும் மடங்கும். அது பெரிய மேடு. என் வலக்காலில் பெரிய மேடு கொஞ்சம் தாழ்ந்திருந்தது, அவ்வளவுதான். சின்ன மேடுதான் இஸ்திரி போட்ட மாதிரி தட்டையாகக் கிடந்தது.

அந்தச் சின்ன மடிப்புதானம்மா, உடம்பின் பாரம் காலில் இறங்கும்போது அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது. தொடையின் முன்தசை மெல்ல விட்டுக்கொடுத்து அந்த வேலையைப் பார்க்கிறது. நானோ வலிக்குப் பயந்து முன்தசை, பின்தசை இரண்டையும் ஒரே நேரத்தில் இறுக்கிப் பிடித்து, முழங்காலைக் கழி மாதிரி ஊன்றிக்கொண்டிருக்கிறேன். இறுக்க இறுக்க மூட்டுக்குள் அழுத்தம் கூடத்தான் செய்யும். காலைத் தாங்குகிறேன் என்று நினைத்து அதை நசுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

நீ பார்த்த சாய்வு வேறு விஷயம். எனக்குத் தேய்மானம் முழங்காலின் உள்பக்கத்தில். நடக்கும்போது எல்லோருக்குமே உள்பக்கத்தில்தான் பாரம் அதிகம். கால் வில்லாக வளைய வளைய அது இன்னும் கூடும். உடம்பை வலப்பக்கம் சாய்த்தால் அந்தப் பாரம் சற்றுக் குறைகிறது. யாரும் சொல்லித் தராமல் உடம்பே கண்டுபிடித்த தந்திரம் அது. நீ அதைப் போய்க் கோணல் என்றாய்!

கைத்தடியில்தான் நிஜமாகவே அசடாக இருந்திருக்கிறேன். வலிக்கிற கால் வலது என்பதால் இத்தனை நாளும் தடியையும் வலக்கையில்தான் பிடித்தேன். எதிர்க்கையில் பிடிக்க வேண்டுமாம். மாற்றிப் பிடித்த முதல் நாள் கையும் காலும் பின்னிக்கொண்டன. மூன்றாம் நாள் பழகிவிட்டது, சாய்வும் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

தேய்ந்த குருத்தெலும்பு திரும்ப வளரப்போவதில்லை. அதில் எனக்கு மயக்கம் இல்லை. தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், தினமும் செய்கிறேன். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் மூட்டுக்கு ஏறக்குறைய நாலு கிலோ பாரம் குறையுமாம். தொப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். இது நீ பல வருஷமாகச் சொல்வதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உட்காரச் சொன்னாயே, அதை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்.

நீ வரும்போது சேர்ந்து நடக்கலாம். எப்போதும்போல இடப்பக்கம் வந்து கையைப் பிடிக்காதே, அங்கே தடி இருக்கும். வலப்பக்கம் வா.

அப்பா