ஜெர்மனைத் தமிழ் வழியாகச் சொல்லிக்கொடுங்கள்: ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்களுக்கும் மொழிப் பாடத்திட்டக் குழுவினருக்கும்,

வணக்கம். அயல்மொழிகளுக்கென ஒரு நிறுவனத்தை வளர்க்க வேண்டும் என்ற பேச்சு வந்தால், முதலில் கட்டடம், அப்புறம் மொழி ஆய்வகம், அப்புறம் ஹெட்போன் என்றுதான் திட்டம் போகிறது. திருச்சியில் பதினோரு ஆண்டுகளாக ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்க வேண்டிய ஒன்றைச் சொல்லவே இந்த மடல்.

போன டிசம்பரில் ஒரு மாணவி மாதிரித் தேர்வில் “இஷ் பின் கால்ட்” என்றார். அரியலூர்ப் பக்கம், நர்சிங் முடித்தவர். ‘ஐ ஆம் கோல்டு’ என்பதை அப்படியே ஜெர்மனுக்கு மாற்றியிருந்தார். ஜெர்மானியர் காதில் அது ‘நான் நெஞ்சில் ஈரமில்லாதவள்’ என்பதுபோல விழும். “மியர் இஸ்ட் கால்ட்” என்பதுதான் சரி. ‘மியர்’ என்றால் ‘எனக்கு’. எனக்குக் குளிருது! நாம் வீட்டில் பேசுவதேதான். நான்காம் வேற்றுமை, ‘கு’ உருபு என்று பலகையில் எழுதினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், “அப்போ ‘எனக்குப் பிடிக்குது’ன்னு சொல்றதும் இப்படித்தானா சார்?” என்றார். ஆமாம், “தாஸ் கெஃபெல்ட் மியர்.” மூன்று வாரமாக அவரை மிரட்டிக்கொண்டிருந்த இலக்கணம் அன்றைக்கு வசப்பட்டது.

எல்லா இடத்திலும் இப்படிப் பொருந்திவிடாது. ஜெர்மனில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ‘டெர், டீ, தாஸ்’ என்ற பால் பிரிவுக்குத் தமிழும் கைகொடுக்காது, ஆங்கிலமும் கைகொடுக்காது, மனப்பாடம்தான். ஆனால் ஜப்பானிய மொழியைப் பாருங்கள். ‘கக்கோ நி இக்கிமாஸ்’ என்றால் ‘பள்ளிக்குப் போகிறேன்’. ‘நி’ இருக்குமிடத்தில் நம் ‘கு’, வினை கடைசியில். இதை ஆங்கில வழியாகச் சொல்லிக்கொடுத்தால் நேர் வழி இருக்க ஊரைச் சுற்றுவதாகிறது. தமிழ்வழிப் பள்ளியில் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு அது இரட்டைச் சுமை.

இதற்குத் தேவை இரண்டு மொழி இலக்கணமும் தெரிந்த ஆசிரியர்கள். 1812-இல் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸின் முயற்சியால் சென்னையில் தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி, கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்கு நம் மொழிகளைக் கற்பித்தது. அவர்களுக்கு அவை அயல்மொழிகள். உள்ளூர்ப் புலவர்களை ஆசிரியர்களாக வைத்தார்கள், பாடநூல் போட அச்சகமும் வைத்தார்கள். அங்கே பணியாற்றிய தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திரம் 1826-இல் அச்சானது. ஐதராபாத்தில் இன்று மத்தியப் பல்கலைக்கழகமாக இருக்கும் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமும் 1958-இல் தொடங்கியபோது, அதன் முக்கிய வேலை ஆசிரியர் பயிற்சிதான்.

நம் நிலை என்ன? நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில் மணிக்கணக்குச் சம்பளம். மே மாதம் அதுவும் கிடையாது. என்னோடு இருந்த மூன்று பேரில் இரண்டு பேர் ஐ.டி. கம்பெனிக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜெர்மனியில் செவிலியராக முழு அங்கீகாரம் கிடைக்கப் பொதுவாக ஜெர்மன் மொழியில் பி2 என்ற தேர்ச்சி நிலை வேண்டும். வாரத்துக்கு நான்கு மணி நேரச் சான்றிதழ் வகுப்பால் அங்கே போய்ச் சேர முடியாது. பத்து மொழிக்குப் பலகை மாட்ட வேண்டாம். ஜெர்மன், ஜப்பானியம் இரண்டோடு தொடங்குங்கள். நிரந்தர இடங்கள் கொடுங்கள். தமிழ்த்துறை, மொழியியல் துறைப் பேராசிரியர்களையும் பாடநூல் குழுவில் சேர்த்து, தமிழில் எழுதிய ஜெர்மன் இலக்கணத்தை முதல் ஆண்டுக்குள் கொண்டுவாருங்கள்.

என் மாணவர்கள் செய்த பிழைகளையும், தமிழ் வழியாக அவற்றைத் திருத்திய விதத்தையும் ஆறு நோட்டுகளில் எழுதி வைத்திருக்கிறேன். குழு அமைந்ததும் சொல்லி அனுப்புங்கள், எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு ஜெர்மன் ஆசிரியர்